முரண்டு பிடிக்கும் பேய்: வீட்டில் செய்த ஹாலோவீன் பொம்மையின் மோட்டார் இயக்கத்தைப் பழுது பார்க்க முழுமையான வழிகாட்டி

சவப்பெட்டி மூடி திறக்கிறது. எலும்புக்கூடு பாதி எழுகிறது. அப்புறம் இடுப்புப் பிடித்துக்கொண்ட பெரியவரைப் போல அங்கேயே நின்று நடுங்குகிறது. ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 சாயங்காலத்துக்கு இன்னும் நான்கு நாள்தான். கை உடனே மோட்டாரை நோக்கிப் போகும். "இதுக்குப் பவர் பத்தல, பெரிசா ஒண்ணு வாங்கணும்."

வாங்க வேண்டாம், பொறுங்கள். நான் செய்த பொம்மைகளில் மோட்டார் மீது பழி போட்டு மாற்றிய நேரங்களில் பெரும்பாலும் பழுது மோட்டாரில் இல்லை. மோட்டார் தொழிற்சாலையில் செய்தது. மற்றதெல்லாம் நம் கைவேலை. ஷாஃப்ட் (மோட்டாரிலிருந்து நீண்டு சுழலும் தண்டு) முனைக்கும் பேயின் விரல் நுனிக்கும் இடையில் நாம் போட்ட ஒவ்வொரு ஓட்டையும் நட்டும் கட்டும் சந்தேகத்துக்குரியவை. ஆகவே தேடலை ஷாஃப்டில் தொடங்கி வெளியே போக வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

உதாரணத்துக்கு ஒரே பொம்மையை எடுத்துக்கொள்கிறேன்: சவப்பெட்டியிலிருந்து எழுந்து உட்காரும் எலும்புக்கூடு. கார் வைப்பர் மோட்டார், அதன் ஷாஃப்டில் ஒரு கிராங்க் (ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும் பட்டை), கிராங்கிலிருந்து ஒரு தள்ளு தண்டு, தண்டின் மறுமுனை இடுப்புக் கீலோடு சேர்ந்த நெம்புகோலில். கல்லறை மேல் மிதக்கும் பேய், தலை திருப்பும் சூனியக்காரி, கதவு தட்டும் கை என்று உங்களுடையது எதுவானாலும் முறை மாறாது.

முதலில் கையை எடுங்கள்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. சென்சார் வைத்த பொம்மை நீங்கள் குனியும்போதுதான் உங்களைப் பார்த்து எழும். வைப்பர் மோட்டாருக்குள் புழு கியர் (திருகு வடிவக் கியர்) இருப்பதால் வேகம் குறைந்து திருப்புவிசை கூடியிருக்கும். கிராங்குக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் மாட்டினால் மோட்டார் தயங்காது. ஸ்பிரிங்கோ ரப்பர் கயிறோ இழுத்து மாட்டியிருந்தால், கரண்ட் இல்லாமலும் கை அடிபடும். அதை முதலில் கழற்றுங்கள். முடியைக் கட்டிக்கொள்ளுங்கள், தொங்கும் கைப்பட்டியை மடித்துக்கொள்ளுங்கள்.

கழற்றும் முன் போனில் ஸ்லோ மோஷனில் ஒரு வீடியோ எடுங்கள். பேயின் முகத்தை எடுத்துப் பயனில்லை. மோட்டார் பொருத்திய இடத்தையும் கிராங்கையும் எடுங்கள். ஓடும்போது கண்ணுக்குத் தெரியாத அசைவுகள் அதில் தெரியும்: பலகை வளைவது, மோட்டாரே சட்டத்தில் நெளிவது, தண்டு பக்கவாட்டில் சாய்வது.

எங்கே நிற்கிறது, எப்போது நிற்கிறது

கருவி எடுக்கும் முன் இந்த இரண்டு கேள்விக்கும் பதில் வேண்டும். பாதி நோய் இதிலேயே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் திணறினால் அது இணைப்பின் வடிவக் கோளாறு, அல்லது அந்த இடத்தில் ஏதோ உரசுகிறது. நின்ற இடம் மாறிக்கொண்டே இருந்தால் ஒயர், சுவிட்ச், சப்ளை. நன்றாக ஓடிவிட்டு அரை மணி நேரம் கழித்துச் சோர்ந்தால் சூடு, அல்லது பேட்டரி இறங்குகிறது. மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் பேய் அசையவில்லை என்றால் கிராங்க் ஷாஃப்டில் வழுக்குகிறது, இல்லையேல் உள்ளே நைலான் கியர் பல் போய்விட்டது. ஒரு வினாடிக்கு ஒரு முறை வெட்டி வெட்டி இழுத்தால் அது பெரும்பாலும் சப்ளை: சின்ன அடாப்டர் அதிகக் கரண்ட் கேட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்து, மறுபடி எழுந்து, மறுபடி அணைகிறது.

ஒரே இடம் என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. என்னை ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஏமாற்றியது அதுதான். வைப்பர் மோட்டாருக்குள் ஒரு பார்க்கிங் தொடுப்பு இருக்கும். காரில் சுவிட்சை அணைத்தாலும் வைப்பர் கண்ணாடியின் அடிக்கு வந்து நிற்பது அதனால்தான். அந்த ஒயர் வழியாக மட்டும் கரண்ட் கொடுத்துவிட்டால் மோட்டார் சுற்றில் ஒரே இடத்தில் வந்து படுத்துக்கொள்ளும். இயந்திரக் கோளாறு மாதிரியே தோன்றும். தண்டைச் சீவினேன், ஓட்டையைப் பெரிதாக்கினேன், எண்ணெய் விட்டேன். கடைசியில் ஒரு ஒயரை மாற்றினேன், ஓடியது.

தண்டைக் கழற்றி இரண்டாகப் பிரியுங்கள்

இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள். கிராங்கிலிருந்து தள்ளு தண்டைக் கழற்றுங்கள். இப்போது மோட்டார் ஒரு பக்கம், பேய் ஒரு பக்கம்.

மோட்டாரை வெறுமனே ஓட விடுங்கள். ஒரே சீராக, ஒரே சத்தத்தில் சுற்றினால் அதை விட்டுவிடுங்கள். பிறகு தண்டைக் கையால் பிடித்து, கிராங்க் தள்ளும் தூரம் வரை பேயை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். உங்கள் கை இப்போது ஒரு அளவுகோல். எந்த இடத்தில் கனக்கிறது, எங்கே கரகரக்கிறது, எங்கே தொளதொளக்கிறது என்று கை சொல்லும். கையால் தள்ளவே சிரமமாக இருந்தால் எந்த மோட்டார் போட்டாலும் நாலு மணி நேரம் தாங்காது.

துணியோடு ஒரு முறை, துணியில்லாமல் ஒரு முறை செய்யுங்கள். கிழிந்த சல்லடைத் துணி கிராங்கில் சுற்றிக்கொள்வது மிகச் சாதாரணமான பழுது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் மனிதர்கள் மோட்டாரையே பிரித்துவிடுகிறார்கள்.

ஷாஃப்டும் கிராங்கும்

இங்கேதான் அதிகம் தோற்கிறோம். நேரமும் பொறுமையும் இங்கே செலவாகட்டும்.

ஒரு மார்க்கர் எடுத்து ஷாஃப்ட் முனை, நட்டு, கிராங்க் மூன்றின் மேலும் ஒரே நேர்க்கோடு இழுங்கள். பத்து நிமிடம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் வழுக்குகிறது. நட்டு மட்டும் நகர்ந்திருந்தால் தளர்கிறது. பத்துப் பைசா செலவில்லாத இந்தச் சோதனைக்கு ஈடான கருவியை நான் இன்னும் பார்க்கவில்லை.

வழுக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் வட்டமான ஓட்டை. வைப்பர் மோட்டார் ஷாஃப்ட் பலவற்றில் முனை கூம்பாகவும் நுண்பற்களோடும் இருக்கும். அதற்குப் பொருந்தும் கிராங்க் கை காரிலேயே இருந்தது. அந்தக் கையையே வெட்டி, அதன் மேல் உங்கள் கிராங்கை இரண்டு போல்ட்டால் பூட்டுவது நல்ல வழி. தட்டையான இரும்புப் பட்டையில் வட்ட ஓட்டை போட்டு நட்டால் இறுக்கினால் முதல் மணி நேரம் நன்றாக இருக்கும், அவ்வளவுதான். சின்ன மோட்டார்களில் பக்கத் திருகு இருந்தால் ஷாஃப்டில் ஒரு பக்கத்தை அரத்தால் தட்டையாக்கி, திருகு அந்தத் தட்டையில் உட்காரும்படி செய்யுங்கள். நடுத்தர வலிமையுள்ள திருகுப் பசை ஒரு துளி போதும். வலிமையானதைப் போட்டால் கழற்றச் சூடாக்க வேண்டியிருக்கும்.

நட்டு தளர்வதற்கு இன்னொரு காரணம் சுழலும் திசை. கனம் கிராங்கைப் பின்னோக்கி இழுக்கும் திசை நட்டைக் கழற்றும் திசையாக இருந்தால், ஒவ்வொரு சுற்றும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக் கழற்றும். மோட்டாரின் இரண்டு ஒயரையும் மாற்றி எதிர்த் திசையில் ஓட்டிப் பார்க்கலாம். அதற்கு முன் மோட்டாரின் உடல் மின்சுற்றில் சேர்ந்திருக்கிறதா என்று மீட்டரால் பாருங்கள். சில வைப்பர் மோட்டார்களில் உலோகக் கூடே எதிர்முனை. அவற்றைத் திருப்பிப் போட்டால் சட்டமெல்லாம் நேர்முனை ஆகிவிடும்.

இறுக்கும்போது ஒரு கவனம்: ஒரு ஸ்பேனரால் கிராங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டை இறுக்குங்கள். பிடிக்காமல் இறுக்கினால் அந்த விசை முழுக்க உள்ளே உள்ள கியர் பல்லில் போய் விழும். அடித்து ஏற்றவும் கூடாது.

மூட்டுகள்

ஒவ்வொரு மூட்டையும் இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்று சத்தம் வந்தால் எங்கோ ஆட்டம் இருக்கிறது. தண்டு தள்ளுவதிலிருந்து இழுப்பதற்கு மாறும் கணத்தில் அந்த இடைவெளி மூடும் சத்தம் அது.

மரத்திலோ பிவிசி குழாயிலோ வெறும் ஓட்டை போட்டு அதில் போல்ட்டைச் சுழல விட்டால், போல்ட்டின் மரை அரம் மாதிரி வேலை செய்யும். ஓட்டை நீள்வட்டமாகிவிடும். சுழலும் இடத்தில் போல்ட்டின் மரையில்லாத வழவழப்பான பகுதி வர வேண்டும். இல்லையென்றால் பித்தளைக் குழாயில் ஒரு துண்டு வெட்டி புஷ்ஷாக, அதாவது ஓட்டைக்குள் உறையாக, போடுங்கள். இரண்டு பக்கமும் நைலான் வாஷர், வெளியே நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் எளிதில் தளராதது). முழுக்க இறுக்கிவிட்டுக் கால் சுற்று பின்வாங்குங்கள்: தடையில்லாமல் சுழல வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. சாதாரண நட்டுதான் இருக்கிறதென்றால் இரண்டு போட்டு ஒன்றை ஒன்று இறுக்கிப் பூட்டுங்கள்.

கிராங்கும் நெம்புகோலும் ஒரே தளத்தில் இல்லாவிட்டால் தண்டு முறுக்கப்பட்டு மூட்டு பிடித்துக்கொள்ளும். வாஷர் அடுக்கி நேராக்கப் பாருங்கள். முடியாத இடத்தில் இரு முனையிலும் பந்து மூட்டுப் போட்டால் கொஞ்சம் கோணலைப் பொறுத்துக்கொள்ளும். தண்டை கிராங்குக்கு நெருக்கமாக வையுங்கள். நீளமான போல்ட்டின் நுனியில் மாட்டினால் போல்ட் சாயும், பின் கிராங்க், பின் ஷாஃப்ட்.

நூல் கட்டி ஆட்டும் மிதக்கும் பேய்க்கு மூட்டுக்குப் பதில் நூல்தான் தேயும். திருகுக் கொக்கியின் விளிம்பில் உரசி மீன்பிடி நரம்பு அறும். கொக்கி இருக்கும் இடத்தில் சின்னக் கப்பி போடுங்கள். நரம்புக்குப் பதில் பின்னல் நூல் நீளாது.

அளவு சரியா?

மூட்டெல்லாம் நன்றாக இருந்தும் ஒரே இடத்தில் நின்றால் கணக்குப் போட வேண்டியதுதான்.

கிராங்க், தண்டு, நெம்புகோல், இவற்றோடு மோட்டார் ஷாஃப்டுக்கும் கீலுக்கும் உள்ள தூரம்: இந்த நான்கு நீளங்களை அளந்துகொள்ளுங்கள். மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் கூட்டினால் வருவது மற்ற இரண்டின் கூட்டலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கிராங்க் முழுச் சுற்று சுற்றாது. கிராஷாஃப் விதி என்று இதற்குப் பெயர். என் எலும்புக்கூட்டில் கிராங்க் 7 செ.மீ., நெம்புகோல் 10 செ.மீ., ஷாஃப்டுக்கும் கீலுக்கும் 40 செ.மீ., தண்டு 39.4 செ.மீ. கூட்டினால் 7 + 40 = 47; மற்றது 49.4. சரி, சுற்றும். தண்டு உடைந்ததென்று கையில் கிடைத்த 36 செ.மீ. தண்டைப் போட்டால்? 47-க்கு எதிரே 46. எந்த மோட்டாரும் அதைச் சுற்றாது. சுற்ற முயன்று எதையாவது உடைக்கும்.

தண்டுக்கும் நெம்புகோலுக்கும் இடையிலுள்ள கோணத்தையும் பாருங்கள். 90 பாகைக்கு அருகில் தள்ளல் முழுதாகப் பயன்படும். 40-க்குக் கீழோ 140-க்கு மேலோ போனால் தண்டின் விசை கீலை நசுக்குவதிலேயே வீணாகும். மேலே சொன்ன அளவில் நெம்புகோல் சுமார் 90 பாகை ஆடும், கோணம் ஏறக்குறைய 44-க்கும் 135-க்கும் இடையில் இருக்கும். அதற்கு மேல் ஆட்டம் கேட்டால் பேராசை.

அடுத்தது கனம். மேல் உடல் 3 கிலோ, அதன் கனமையம் கீலிலிருந்து 25 செ.மீ. என்றால், படுத்திருக்கும்போது கீலில் ஏறும் திருப்புவிசை 3 × 9.8 × 0.25 = 7.35 நியூட்டன் மீட்டர். நெம்புகோல் 10 செ.மீ., கோணம் 45 பாகை என்பதால் தண்டில் ஏறும் விசை சுமார் 104 நியூட்டன். மூன்று கிலோ எலும்புக்கூட்டுக்காக மூட்டுகள் பத்தரைக் கிலோவின் பாரத்தைத் தாங்குகின்றன. நெம்புகோலை 20 செ.மீ. ஆக்கினால் இந்த விசை பாதியாகும், மூட்டுகள் பிழைக்கும். ஆனால் அதே 90 பாகை ஆட்டத்துக்குக் கிராங்கும் இரண்டு மடங்கு நீள வேண்டும், ஆகவே மோட்டாரின் சுமை அப்படியே இருக்கும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மோட்டாருக்கு உண்மையில் இளைப்பாறல் தருவது மூன்று: கனத்தைக் குறைப்பது, ஆட்டத்தைக் குறைப்பது, எதிர்க்கனம் வைப்பது.

எதிர்க்கனம் என்றால் ரப்பர் கயிறோ ஸ்பிரிங்கோ போதும். படுத்திருக்கும்போது அதிகம் இழுபட்டு, எழும்போது கூடவே தூக்கிவிடும்படி மாட்டுங்கள். தண்டைக் கழற்றிய நிலையில் உடல் நடுவழியில் தானாக மிதந்து நின்றால் இழுவை சரி. மண்டை ஓட்டுக்குப் பதில் நுரையில் செதுக்கிய தலை வைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியும், ஏனென்றால் கீலிலிருந்து மிகத் தூரத்தில் இருப்பது தலைதான்.

கரண்ட் வந்து சேர்கிறதா

வோல்டேஜை சப்ளையில் அளக்காதீர்கள். பேய் எழும் அந்தக் கணத்தில், மோட்டாரின் முனையில் அளங்கள். 12 வோல்ட் என்று எழுதியிருக்கும் சப்ளை அங்கே 8 காட்டினால் வழியில் யாரோ தின்கிறார்கள்.

பெரும்பாலும் மெல்லிய ஒயர். 0.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் மீட்டருக்குச் சுமார் 0.034 ஓம். சப்ளை 10 மீட்டர் தள்ளி இருந்தால் போகவும் வரவும் 20 மீட்டர். 5 ஆம்பியர் ஓடினால் 3.4 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். 2.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.7 வோல்ட் அளவுக்கு இறங்கும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளைச் சால்டர் செய்யுங்கள், அல்லது நல்ல கனெக்டர் போடுங்கள். ஃபியூஸ் சப்ளைக்கு அருகிலேயே இருக்கட்டும். அது அடிக்கடி போகிறதென்று பெரிதாக மாற்றுவதும், ஒயரால் கட்டிவிடுவதும் தீயோடு விளையாடுவது. சுற்றிலும் துணி, நுரை, காய்ந்த இலை.

வேகத்தைக் குறைக்க 12 வோல்ட் மோட்டாருக்கு 5 வோல்ட் கொடுத்திருக்கிறீர்களா? மெதுவாகச் சுற்றும், ஆனால் பலமும் குறையும். கனமான இடத்தில் நின்றுவிடும். பிடபிள்யூஎம் (கரண்டை மிக வேகமாக விட்டு விட்டுக் கொடுக்கும் முறை) வேகக் கட்டுப்பாட்டுப் பலகை வைத்தால் அந்தத் தொல்லை குறையும். மோட்டாரின் கூடு எதிர்முனையாக இருந்து, அது தொட்டிருக்கும் இரும்புச் சட்டமும் சப்ளையின் எதிர்முனையோடு சேர்ந்திருந்தால், எதிர்முனைப் பக்கத்தை வெட்டிக் கட்டுப்படுத்தும் பலகைகள் பயன்படாது. மோட்டாரை மரப்பலகையில் தனித்துப் பொருத்துங்கள்.

மைக்ரோவேவ் தட்டைச் சுழற்றும் சின்ன மோட்டாரால் தலையைத் திருப்புகிறவர்களுக்கு: ஒரு நாள் இடப்பக்கம், ஒரு நாள் வலப்பக்கம் சுற்றுகிறதா? அது பழுதில்லை, அந்த வகை மோட்டாரின் பிறவிக் குணம். தடை பட்டால் திசை மாறியும் ஓடும். கிராங்க் வழியாக ஆட்டுங்கள், திசை எதுவானாலும் தலை ஒரே மாதிரி ஆடும். அவற்றில் பல வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடுபவை. பழக்கமில்லாதவர் தொட வேண்டாம், ஈரமான வெளி இடத்தில் வைக்கவே வேண்டாம்.

மூளை இருக்கும் பேய்களுக்கு

மோட்டார் கிளம்பும்போதெல்லாம் ஆர்டுயினோ (பொம்மையை இயக்கும் சின்னக் கணினிப் பலகை) முதலிலிருந்து தொடங்கினால், மோட்டார் இழுக்கும் இழுப்பில் அதன் வோல்டேஜ் சரிகிறது. இரண்டுக்கும் தனித்தனி சப்ளை கொடுத்து, எதிர்முனைகளை மட்டும் இணையுங்கள். சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார்) நடுங்குவதற்கும் பெரும்பாலும் மருந்து இதுவே. ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சுருளுக்குக் குறுக்கே எதிர்த்திசையில் ஒரு 1என்4007 டயோடு, மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் பீங்கான் மின்தேக்கி: இவை இல்லாததால் வரும் கிறுக்குத்தனங்களைப் பார்த்தால் நிஜமாகவே பேய் புகுந்துவிட்டது என்று தோன்றும்.

நடமாட்டத்தைப் பார்க்கும் பிஐஆர் சென்சார் போட்டதும் வேலை செய்யாது. ஒரு நிமிடம் வரை நிலைப்பட விடுங்கள். புகை இயந்திரத்தின் சூடான காற்றும் சூடான விளக்கும் அதை ஏமாற்றும்.

கடைசிச் சோதனை

நிமிடத்துக்கு 45 சுற்று, ஐந்து மணி நேரம் என்றால் ஒரே இரவில் 13,500 சுற்று. வீட்டுக்குள் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தது 450 மட்டுமே. ஆகவே முழு உடையோடு, வைக்கப்போகும் இடத்திலேயே, இருட்டிய பின் இரண்டு மணி நேரமாவது ஓட்டுங்கள். குளிரில் கிரீஸ் கெட்டியாகும், பேட்டரி கொள்ளளவு குறையும், பிவிசி எளிதில் உடையும், ஈரத்தில் மரம் உப்பி மூட்டு பிடிக்கும். மதியம் ஆடிய பேய் ராத்திரி ஆடாததன் மர்மம் இதுதான்.

அரை மணி நேரத்துக்கு ஒரு முறை கரண்டை எடுத்துவிட்டு மார்க்கர் கோடுகளைப் பாருங்கள், மோட்டாரைத் தொடுங்கள். கை வைத்து நிறுத்த முடியாத சூடு என்றால் சுமை அதிகம். தொடர்ந்து ஓட்டாமல் அரை நிமிடம் ஆட்டம், ஒரு நிமிடம் ஓய்வு என்று டைமர் வையுங்கள். பார்ப்பவருக்கும் அதுதான் அதிகம் பயம் தரும், ஓயாமல் ஆடும் பேயை யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்ப்பதில்லை.

அன்றைக்கு வருவது குழந்தைகள், அவர்கள் கை எங்கும் நுழையும். கிராங்கைச் சுற்றிக் கம்பி வலையோ பலகையோ அடைத்து, கை எட்டாத தூரத்தில் பொம்மையை வையுங்கள். ஒரே தட்டில் அணைக்கும் சுவிட்ச் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு டப்பாவில் இரண்டு ஃபியூஸ், நாலு நைலாக் நட்டு, கேபிள் டை, ஒரு சுருள் நூல், ஒரே அளவில் வெட்டிய மாற்றுத் தண்டு ஒன்று, இரண்டு ஸ்பேனர், டார்ச். வரிசையில் ஆள் நிற்கும்போது பேய் படுத்துவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைச் சாத்தி மேலே ஒரு மெழுகுவத்தி விளக்கை வையுங்கள். பேட்டரியில் எரியும் போலி மெழுகுவத்தி. சவப்பெட்டி சும்மா இருந்தாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

மறுநாள் காலை கழற்றும்போது ரப்பர் கயிற்றைத் தளர்த்திவிட்டு, தேய்ந்த ஓட்டைகளை மார்க்கரால் வட்டமிட்டுப் படம் எடுத்து வையுங்கள். அடுத்த செப்டம்பரில் எங்கே தொடங்குவது என்று அந்தப் படம் காட்டும்.